செங்காந்தளும் நான் பட்ட பாடும்

ஒரு நிலத்தில் கட்டடம் எழும்புவதற்கு முன் அங்கே என்னென்ன செடி இருக்கிறது என்று பட்டியல் எழுதுவது என் வேலை; செடிகள் ஒருநாளும் என்னைப் படுத்தியதில்லை, மனிதர்கள்தான். முள்ளில் துப்பட்டா மாட்டிக்கொண்டு விழித்த அனுபவம் உள்ளவர்களே, என் கஷ்டம் உங்களுக்குப் புரியும்.

மே மாதத்துக் கொடி

திருமழிசையில் ஒரு தொழிற்சாலைக்குப் பின்னால் சூரையும் காரையுமாக முட்செடிகள் பின்னிக் கிடந்த புதர்க்காடு. மண்டையைப் பிளக்கும் வெயிலில், ஒரு சூரைமுள்ளைச் சுற்றியபடியே காய்ந்துபோயிருந்த கொடியைப் பார்த்தேன். இலையின் நுனியே சுருண்டு கொக்கியாகி முள்ளைப் பிடித்திருந்தது. செங்காந்தள்! கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருக்கும், மழை விழுந்ததும் முளைக்கும் என்று எழுதினேன்.

பட்டியலைக் கணினியில் ஏற்றுகிற பிரசன்னா போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தான். "இது செத்த கொடி மேடம். உயிரோட இருக்கிற செடிக்குத்தான் இதுல கட்டம் இருக்கு."

ஒரு கொடி, இரண்டு பெயர்

ஐப்பசி மழைக்குப் பிறகு அவனையே கூட்டிக்கொண்டு போனேன். கொடி பூத்திருந்தது. மேலே அன்றைக்கு விரிந்த பூ பச்சையும் மஞ்சளுமாக, கீழே நாலு நாளான பூ ரத்தச் சிவப்பாக. நாளாக ஆக நிறம் மாறும் என்று தண்டைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். தலையாட்டினான். மறுநாள் பட்டியலில் மஞ்சள் பூவுக்கு ஒரு பெயர், சிவப்புப் பூவுக்கு ஒரு பெயர் என்று இரண்டு செடி! ஏன் என்றேன். "ரெண்டுன்னா ரிப்போர்ட் கொஞ்சம் வெயிட்டா இருக்கும்ல மேடம்."

பெயரால் வந்த வினை

கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் தையல் கடை வைத்திருக்கும் ஸ்டெல்லா ஒரு காலையில் போன் செய்தாள். அவள் அம்மாவுக்குக் கண் சிவந்து வீங்கியிருக்கிறதாம். வேலியோரம் கண்வலிக்கிழங்கு தோண்டி அரைத்து வைத்திருக்கிறாளாம். "பத்து போட்டா போதுமா, உள்ளுக்கும் குடுக்கணுமா அக்கா?"

செங்காந்தளுக்கு ஊரில் வழங்கும் இன்னொரு பெயர் அது. வயிற்றுக்குள் போனால் ஆளையே கொல்லும். "தொடாதே!" என்று கத்திக்கொண்டே செருப்புகூட இல்லாமல் ஓடினேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார். விழுதைக் குழி தோண்டிப் புதைத்து, அம்மியைக் கழுவி, இருவரையும் ஆட்டோவில் ஏற்றிக் கண் டாக்டரிடம் கொண்டுபோய்விட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தில் மூன்றே நாளில் கண் சரியாகிவிட்டது. ஸ்டெல்லாவுக்குத்தான் கோபம் ஆறவில்லை. "கண்வலின்னு பேரு வெச்சிகினு கண்ணுக்கு ஆவாதுன்னா, இது இன்னா நாயம்க்கா?"

சுத்தம்

திருமழிசைத் தொழிற்சாலையின் மேலாளர் மட்டும் நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார். மாநில மலர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மூலையில் கட்டடமே வராது என்று வாக்குக் கொடுத்தார். அன்று பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைக்காததுகூட எனக்கு வருத்தமாக இல்லை.

அடுத்த வாரம் ஆசையாகப் போனேன். சூரை இல்லை, காரை இல்லை. பொக்லைன் வழித்துவிட்ட செம்மண் தரை. நடுவில் ஓர் இரும்புக் குழாய். அதில் பிளாஸ்டிக் கயிற்றால் கட்டப்பட்டு என் செங்காந்தள் வாடித் தொங்கியது. மேலாளர் மலர்ந்த முகத்தோடு வந்தார். "பூ நல்லா தெரியட்டும்னு சுத்தி இருந்த குப்பையெல்லாம் எடுத்துட்டோம் மேடம். திருப்திதானே?"

செங்காந்தளுக்குப் பெயர் சொல்ல எனக்கு ஒரு நிமிஷம் போதும். அந்தக் குப்பைதான் அதற்கு வீடு என்று சொல்லிப் புரியவைக்க இந்த ஒரு ஜென்மம் போதாது போலிருக்கிறது.