பறிக்காமல் விட்ட நிரை

குழந்தை பிறந்த பிறகு நான் போன முதல் பயணம் அது. கைக்குழந்தையான மகளை டிக்கோயாவில் கணவரிடம் விட்டுவிட்டு, தோழிகளோடு ஹோர்ட்டன் சமவெளிக்குப் போனேன். சிறுத்தையைப் படம் பிடிக்காமல் திரும்புவதில்லை என்று வீறாப்பு வேறு. மரை மான்களும் மூடுபனியும்தான் கிடைத்தன.

திரும்பும் வழியில் தேநீர் குடிக்க ஒரு தேயிலைத் தோட்டத்தருகே வேனை நிறுத்தினோம். பக்கத்துச் சரிவில் பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். நடுவே ஒரு நிரையை மட்டும் தொடாமல் விட்டிருந்தார்கள். மருந்து அடித்திருக்கிறதா என்று ரோட்டோரம் நின்ற பெண்ணிடம் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவா பேசுங்கக்கா. அந்தச் செடிக்கு அடியில சிறுத்த குட்டி போட்டிருக்கு. தாய் எர தேடப் போயிருக்கும்."

என் கை தானாகக் கைபேசியை எடுத்தது. "ஒரே ஒரு படம் எடுத்துக்கிறேனே?"

"வேணாங்க. மனுச வாட பட்டா தாய் மெரண்டுரும்." கூடையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். "எம்புள்ளய புள்ளக்காம்பராவுல விட்டுட்டுத்தான் நான் மலைக்கு வர்றேன். அங்க பாத்துக்க ஆயாம்மா இருக்காங்க. இதுக்கு யாரு இருக்கா? நாங்கதானே."

படம் எடுக்கும் ஆசை அந்த இடத்திலேயே விட்டுப்போயிற்று. கையிலிருந்த கைபேசியில் வீட்டுக்கு அழைத்தேன்.

"சிறுத்தையப் பாத்தியா?" என்றார் கணவர்.

"இல்லங்க. புள்ள என்ன செய்றா?"

"தூங்குறா. நீ ஏன் கிசுகிசுன்னு பேசுற?"

பறிக்காத அந்த நிரையைப் பார்த்தேன்.

"இங்கயும் ஒரு புள்ள தூங்குதுங்க."