நேர்முகத்துக்கு முத்தையாவும் வந்தார்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிப் பேருந்துக்காக நாங்கள் மூன்று பேர் எஸ்டேட் ஆபீஸ் வாசலில் நின்றோம். அங்கே கிளார்க்காக இருந்த நான், தேயிலைத் தொழிற்சாலையில் இலை உருட்டும் இயந்திரத்தில் வேலை செய்யும் முத்தையா, அவருடைய மகள் ஜெயராணி. இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஜூலை மாதம். பொன்முடியில் அந்த மாதத்தில் மழை நின்றாலும் மரம் சொட்டுவது நிற்காது.

திருவனந்தபுரத்துக்கு வெளியே உள்ள ஒரு மருத்துவக் கல்லூரியில் ஜெயராணியை நேர்முகத்துக்கு அழைத்திருந்தார்கள். நுழைவுத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய ஏழைப் பிள்ளைகளுக்கென்று கல்லூரியை நடத்திய அறக்கட்டளை சில இடங்களைக் கட்டணமில்லாமல் கொடுத்துவந்தது. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் எங்கள் லயத்து வீடுகளிலிருந்து அப்படி ஓர் அழைப்பு யாருக்கும் வந்ததில்லை. அதனால் என்னென்ன கொண்டுபோக வேண்டும் என்று சொல்லவும் எங்களுக்கு ஆள் இல்லை. பள்ளிச் சான்றிதழ்களின் அசல், அவற்றின் இரண்டு நகல்கள், சாதிச் சான்று, வருமானச் சான்று, பிறப்பிடச் சான்று, மருத்துவரிடம் வாங்கிய உடல்தகுதிச் சான்று, ஆறு புகைப்படம் எல்லாவற்றையும் பாலிதீன் உறையில் சுற்றி, துணிப்பையில் வைத்து, பையை மடியில் கட்டிக்கொள்வதுபோல் ஜெயராணி வைத்திருந்தாள். கூடவே பெற்றோர் அல்லது காப்பாளர் ஒருவர் வர வேண்டும் என்றும் அழைப்புக் கடிதத்தில் சொல்லியிருந்தார்கள்.

அந்த ஒருவர் நான்தான் என்று எஸ்டேட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவு செய்திருந்தார்கள். முத்தையாவுக்குக் காது கேட்காது. இருபது வருஷம் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றதில் வலது காது முழுக்கப் போய்விட்டது. இடது காதில் வாயை வைத்துக் கத்தினால் கேட்கும். தான் பேசுவதும் அவருக்குக் கேட்காததால், ரகசியம் என்று நினைத்து அவர் சொல்வது அடுத்த லயம் வரைக்கும் போகும். எனக்கு ஆங்கிலமும் மலையாளமும் வரும். முத்தையாவே என்னிடம் வந்து, "சார் உள்ள இருங்க, நான் வெளிய இருந்துக்கிடுதேன்" என்று சொல்லியிருந்தார்.

பேருந்து வந்தது. திருவனந்தபுரத்துப் பேருந்து நிலையமான தம்பானூருக்கு ஆளுக்கு இருபத்தேழு ரூபாய், தூரம் சுமார் அறுபது கிலோமீட்டர். கொண்டை ஊசி வளைவுகள் இருபத்திரண்டும் முடிவதற்குள் ஜெயராணி இரண்டு தடவை ஜன்னலுக்கு வெளியே வாந்தி எடுத்தாள். கல்லாற்றில் ஓட்டுநர் டீ குடிக்க நிறுத்தியபோது ஆறு செம்மண் நிறத்தில் பாறைகளை மூடிக்கொண்டு ஓடியது. அவளை இறக்கி முகம் கழுவச் சொன்னோம். கடைக்காரரிடம் எலுமிச்சை வாங்கி முத்தையா அவள் கையில் கொடுத்தார். அதை முகர்ந்துகொண்டே வந்ததில் விதுரை, நெடுமங்காடு தாண்டி நகரம் வரைக்கும் தொல்லை இல்லை. வழி நெடுக நான் அவளிடம் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தேன். ஏன் டாக்டராக வேண்டும்? எங்கள் எஸ்டேட்டில் டாக்டர் இல்லை, பிரசவ வலி எடுத்தால் ஜீப்பில்தான் கொண்டுபோக வேண்டும், படித்து முடித்துத் திரும்பி வந்து எங்கள் மக்களுக்கே வேலை செய்வேன். இதை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். அவள் பிசகாமல் சொன்னாள்.

மதியம் ஒரு மணிக்குத் தம்பானூரில் இறங்கினோம். மலையில் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு வந்தவர்களுக்கு அங்கே முதுகில் வியர்வை ஓடியது. ஆட்டோவுக்குப் பதினைந்து ரூபாய் கொடுத்து வலியசாலைக்குப் போனோம். அங்கே அக்கிரகாரத் தெருவில் என் கல்லூரி நண்பன் ராமசுப்பு இருக்கிறான். அரசு அலுவலகம் ஒன்றில் செக்ஷன் ஆபீசர். ராத்திரி தங்க இடம் வேண்டும் என்று முன்பே போன் செய்திருந்தேன். அவன் மனைவி கோமதி எங்களுக்கு இலை போட்டுப் பரிமாறினாள். முத்தையா சாப்பிட்டுவிட்டு, "சோறு ரொம்ப நல்லாருக்கு சார்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னதாக நினைத்துச் சொன்னது, தெருவில் போன இரண்டு பேரைத் திரும்பிப் பார்க்க வைத்தது. கோமதி சிரித்துக்கொண்டே இன்னொரு கரண்டி போட்டாள்.

சாயங்காலம் காபி குடித்துவிட்டு ராமசுப்பு ஜெயராணியை நாற்காலியில் உட்கார வைத்து, நேர்முகம் நடத்துகிறவர்கள் மாதிரியே கேள்வி கேட்டுப் பார்த்தான். அவள் ஆங்கிலத்தைத் திருத்தினான். கண்ணைப் பார்த்துப் பேசச் சொன்னான். வாசலருகே பூ தொடுத்துக்கொண்டிருந்த கோமதிதான் நடுவில் கேட்டாள்.

"நாளைக்கு இவளோட உள்ள யாரு போகப்போறா?"

நான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஜெயராணி, "அப்பா" என்றாள்.

அவள் முகத்தைப் பார்த்தேன். பேருந்தில்கூட அவள் இப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவுக்குக் கேட்காதே, அவர்கள் கேட்டால் என்ன செய்வாய் என்றேன்.

"நான் கத்திச் சொல்றேன், சாரே. உங்க அப்பா எங்கன்னு கேட்டா, வெளிய பெஞ்சுல உக்காந்திருக்காருன்னு சொல்ல எனக்கு வராது."

ராமசுப்பு, கிளார்க் சார் இருந்தால் பேச்சு தடையில்லாமல் போகும், இது விளையாட்டுக் காரியம் இல்லை என்று எடுத்துச் சொன்னான். எனக்கும் அதே எண்ணம்தான். ஒரு பக்கம் கொஞ்சம் வருத்தமாகவும் இருந்தது. கோமதி பூவை வைத்துவிட்டு எழுந்து, "தோப்பனார் இருக்கறச்சே வேற யாரு போவா? அவர் சட்டையக் குடுக்கச் சொல்லுங்கோ, தேச்சு வெக்கறேன்" என்றாள்.

ஜெயராணி போய் அப்பாவின் இடது காதில் சொன்னாள். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். அவருடைய நீலச் சட்டையில் மார்புப் பக்கம் தேயிலைச் சாற்றின் கறை இருந்தது. கோமதி எலுமிச்சை போட்டுத் தேய்த்தும் அது போகவில்லை. ஈரத்தோடு இஸ்திரி போட்டு மடித்துவைத்தாள்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பினோம். கோமதி கட்டிக் கொடுத்த தயிர்சாதம் என் பையில். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் சாப்பாடு கொண்டுபோவது நல்லது. அந்தக் கல்லூரியைச் சுற்றி அப்போது ரப்பர் தோட்டத்தைத் தவிர ஒன்றும் இல்லை. நகரத்திலிருந்து பதினான்கு கிலோமீட்டர் பேருந்தில் போய், பிறகு சேற்றில் நடக்க வேண்டும். ஜெயராணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து, வாசல் குழாயில் கால் கழுவி மாட்டிக்கொண்டாள்.

கூடத்தில் நாற்பது பேர்போல இருந்தார்கள்; கட்டணம் கட்டிச் சேர்கிறவர்களுக்கும் அன்றுதான் நேர்முகம். காரில் வந்த குடும்பங்கள், தோல் உறையில் சான்றிதழ்கள், ஒரே மாதிரி தேய்த்த உடைகள். மேசையில் இருந்தவர் ஜெயராணியின் காகிதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் சரி என்று தலையாட்டினார். எனக்கு அங்கேயே பாதி ஜெயித்ததுபோல் இருந்தது.

பதினொன்றரைக்கு அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பாவும் மகளும் உள்ளே போனார்கள். கதவு சாத்தப்பட்டது. நான் அதற்கு எதிர் பெஞ்சில் இருந்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஜெயராணியின் குரல் கதவைத் தாண்டி வந்தது. கூடத்தில் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"அப்பா, படிச்சு முடிச்சு நான் எஸ்டேட்டுக்குத் திரும்பி வருவேனான்னு உங்ககிட்ட கேக்காங்க!"

முத்தையாவின் பதில் எனக்கு மட்டுமல்ல, படிக்கட்டில் நின்றவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"எதுக்கு வரணும்? வர வேண்டாம். நானும் அவ அம்மையும் அங்க கெடந்தது போதும். அவ எங்க இருக்கணும்னு நெனைக்காளோ அங்க இருக்கட்டும்."

இரண்டு நிமிஷம் முன்னால் அவள் அதே அறையில், திரும்பி வந்து எங்கள் மக்களுக்கே வேலை செய்வேன் என்று சொல்லியிருப்பாள். பக்கத்தில் இருந்த ஒரு தகப்பனார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். அதற்கப்புறம் உள்ளே நடந்தது எதுவும் எனக்குக் கேட்கவில்லை.

வெளியே வந்ததும் ரப்பர் மரத்தடியில் தயிர்சாதத்தைப் பிரித்தபோதுதான் ஜெயராணி சொன்னாள். எதிரில் மூன்று பேர் இருந்திருக்கிறார்கள். நடுவில் இருந்த பெண் டாக்டர், அப்பா சொன்னதை மலையாளத்தில் சொல்லும்படி அவளிடம் கேட்டிருக்கிறார்.

"மாத்திச் சொல்லிரலாம்னு தோணிச்சு, சாரே. அப்பா என் வாயையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அவருக்குக் கேக்காதுதான். ஆனாலும் எனக்கு வரல. அப்படியே சொல்லிட்டேன்."

அந்த டாக்டர், அப்படியானால் நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டாராம். எனக்குத் தெரியவில்லை, இப்போது படிக்க வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும் என்று இவள் சொல்லியிருக்கிறாள். எழுதிக்கொண்டிருந்த ஒருவர் பேனாவை மூடிவிட்டு, சரி, போகலாம் என்றாராம்.

முத்தையா சாப்பிடாமல் எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் ஏதும் தப்பாச் சொல்லிட்டனா?" என்றார். ஜெயராணி அவர் காதருகே போய், இல்லை என்று கத்தினாள். பிறகு அவர் சாப்பிட்டார்.

மூன்று மணிப் பேருந்தில் திரும்பினோம். கல்லாறு தாண்டியதும் மூடுபனி ஜன்னலுக்குள் வந்தது. இருட்டுவதற்கு முன் லயத்துக்கு வந்துவிட்டோம். ஜெயராணியின் அம்மா ராசம்மாவோடு பக்கத்து வீட்டுக்காரர்களும் மழையில் குடை பிடித்து நின்றார்கள். என்ன கேட்டார்கள் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். நான் பட்டும் படாமலும் சொல்லப் பார்த்தேன். முத்தையா தன் ரகசியக் குரலில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். பத்து வீட்டுக்கும் கேட்டது. திரும்பி வர வேண்டாம் என்று சொன்னதை அந்தக் கூட்டத்தில் எல்லோரும் எப்படி எடுத்துக்கொண்டார்களோ, தெரியவில்லை. பிறகு ராசம்மா, எல்லோரும் நனையாமல் போங்கள் என்று சொல்லிவிட்டு உலை வைக்க உள்ளே போனாள்.

ஆகஸ்ட் கடைசியில் கடிதம் வந்தது. இடம் கிடைத்திருந்தது. எந்த வார்த்தைக்காகக் கொடுத்தார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவளுடைய மதிப்பெண்ணுக்காகவே கொடுத்திருக்கலாம்.

சேர்க்கப் போனபோது ராசம்மாவும் வந்தாள். விடுதி வாசலில் பெட்டியை இறக்கிவைத்தோம். மலையில் அந்த நேரத்துக்கு மூடுபனி இறங்கி விளக்கு வேண்டியிருக்கும். இங்கே வெயிலில் கண் கூசியது. ஜெயராணி அதுவரை நன்றாகத்தான் இருந்தாள். கிளம்புகிறோம் என்றதும் அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, இனி எப்போது பார்ப்பது என்று அழுதாள்.

ராசம்மா அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். "ஒங்கப்பா ஒன்னத்தானட்டி வர வேண்டாம்னு சொன்னாரு? எங்கள யாரும் சொல்லலையே. அடுத்த ஞாயித்துக்கெழம வாரோம்."

முத்தையாவுக்கு இது கேட்கவில்லை. என்ன சொல்கிறாள் என்று என்னைப் பார்த்துச் சைகையில் கேட்டார். அவருடைய இடது காதில் கத்திச் சொன்னேன். வாசல் காவலர்கூடத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.