ஓ கட்சிக்காரி

காலை பதினொன்றே கால். அச்சகத்தில் ஒரு பாடப்புத்தகத்தின் பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். அக்கா வேலை பார்த்த ஓட்டல் சலவைக்கூடத்திலிருந்து அழைப்பு.

"பஞ்சக்கா இருமுனாங்க, ஒரே ரத்தம். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போறோம். நீங்க நேரா அங்க வந்துடுங்க."

மாலைக்குள் அக்கா போய்விட்டாள். நுரையீரலுக்குள் கோலிக்குண்டு அளவில் ஒரு ரத்தக்குழாய்ச் சுருள் உடைந்திருந்தது. ஸ்கேன் படத்தைக் காட்டிய மருத்துவர், "இது ரொம்ப வருஷமா இருந்திருக்கு. ஒரு தடவைகூடவா யாரும் பாக்கல?" என்று கேட்டார். பதில் எனக்குத் தெரியும்.

பஞ்சக்கா என்பது சலவைக்கூடத்தில் அவளுக்கு வைத்த பெயர். இடுப்புப் பையில் எப்போதும் பஞ்சு இருக்கும். மூக்கில் ஈரம் தட்டியதும் தேய்த்துக்கொண்டிருக்கும் வெள்ளை விரிப்பைத்தான் முதலில் தள்ளி வைப்பாள். மூக்கைப் பிறகுதான் கவனிப்பாள். ஒரு சொட்டு ரத்தம் விழுந்தாலும் விரிப்பை மறுபடி துவைக்க வேண்டும். "ஓட்டலுக்கு எதிரி என் மூக்குதான், நான் இல்ல" என்று பஞ்சை அடைத்துக்கொண்டு மூக்கடைத்த குரலில் சொல்வாள். கூட நிற்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

எங்கள் அப்பா வழியில் ஒரு நோய் ஓடுகிறது. ரத்தத்தைக் கொண்டுபோகும் குழாயும் திருப்பிக் கொண்டுவரும் குழாயும் நடுவில் நுண்குழாய்கள் இல்லாமல் நேரே ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் சுவர் மெலிந்திருக்கும். மூக்கில் உடைந்தால் கைக்குட்டை நனையும். நுரையீரலிலோ மூளையிலோ உடைந்தால் ஆளே போய்விடலாம். அப்பா அப்படித்தான் போனார். அத்தையும் அப்படித்தான்.

அப்பாவின் தம்பி ரத்தப் பரிசோதனைக் கூடம் வைத்திருப்பவர். அப்பா இறந்ததும் எல்லோருக்கும் ஊசி குத்தி ரத்த வகை பார்த்தார். இறந்தவர்களின் வகை பழைய ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் இருந்தது. எங்கள் வீட்டில் நோய் வந்தவர்கள் அத்தனை பேரும் பி. வராதவர்கள் அத்தனை பேரும் ஓ. சித்தப்பாவும் ஓ, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் இரண்டு கட்சி. நான் பி கட்சி. வெயிலில் போகாதே, கனம் தூக்காதே. அக்கா ஓ கட்சி. கேஸ் சிலிண்டர் அவள் தலையில்.

சித்தப்பா கண்டுபிடித்ததில் உண்மை இருந்தது. அதை நான் மறுக்க முடியாது. நான் பி என்பதால்தான் எனக்கு ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் ஒரு சுருள் இருந்தது. தொடை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் விட்டு அதை அடைத்தார்கள். உயிரோடு இருக்கிறேன்.

அக்காவுக்கு மூக்கில் ரத்தம் வரத் தொடங்கியது அவள் மகள் குட்டி பிறந்த பிறகு. வாரம் ஒருமுறை, அப்புறம் நாள்தோறும். "சித்தப்பா, எனக்கும் ஒரு ஸ்கேன் பாத்துடலாமா?" என்று கேட்டாள்.

"உனக்கெதுக்கு? நீ ஓ கட்சி. அந்த ஆவியில நாள் பூரா நின்னா யாருக்குத்தான் மூக்கு காஞ்சு ரத்தம் வராது?"

அம்மா வேறு, "தங்கச்சிக்கு எடுத்தா உனக்கும் எடுக்கணுமா? வியாதிலகூடவாடி போட்டி?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள்.

அவள் சிரித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தானே போய் ஸ்கேனுக்கு நாள் வாங்கினாள். அங்கே இருந்தவர் சித்தப்பாவின் நண்பர். சித்தப்பா போன் செய்து அதை ரத்து செய்துவிட்டார். "வீணா எதுக்குக் கதிர்வீச்சு? நான்தான் வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்று எங்களிடம் பெருமையாகச் சொன்னார்.

அடக்கம் முடிந்து வந்த அன்று கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். குட்டி என் மடியில் தலை வைத்திருந்தாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. சித்தப்பா தண்ணீர் குடித்துவிட்டு அவள் தலையைத் தடவினார். "இவளும் ஓதான். பயப்பட ஒண்ணுமில்ல."

அவர் கையை விலக்கினேன்.

"அக்காவும் ஓதான், சித்தப்பா."

"அது ஏதோ லட்சத்துல ஒண்ணு..."

"லட்சத்துல இல்ல. நூத்துல சில பேருக்கு நடக்கும். எனக்கு வைத்தியம் பாத்தவங்களே சொன்னாங்க. நீங்களும் பக்கத்துல நின்னு கேட்டீங்க."

ரத்த வகையைத் தீர்மானிக்கும் மரபணுவும், எங்கள் வீட்டு நோயின் மரபணுவும் ஒரே குரோமோசோமில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. அப்பாவிடம் அந்தக் குரோமோசோம் இரண்டு. ஒன்றில் பி வகையும் நோயும். மற்றதில் ஓ வகையும் பழுதில்லாத மரபணுவும். விந்தணு உருவாகும்போது இரண்டும் ஒட்டி நின்று, அங்கங்கே அறுந்து, துண்டுகளை மாற்றிக்கொண்டு சேர்கின்றன. பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் பிரிவதில்லை. பெரும்பாலும். அக்காவுக்கு வந்த அணுவில் அறுப்பு அந்த இரண்டுக்கும் நடுவே விழுந்தது. ஓ வகையோடு நோய் வந்து ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டில் விளக்கு எரியவில்லை என்று பார்த்துவிட்டு, இந்த வீட்டில் ஆள் இல்லை என்று முடிவு கட்டிவிட்டோம். உள்ளே இருந்து அவள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள், ஒவ்வொரு நாளும், மூக்கு வழியாக.

"இப்ப பேசி என்ன ஆகப்போகுது?" என்றாள் அம்மா.

"இவளுக்கு ஆகும். அக்காவோட ரெண்டு குரோமோசோமுமே ஓ. அதுல நோயுள்ளது எது, நல்லது எதுன்னு ரத்த வகை இவளுக்குச் சொல்லவே சொல்லாது. பாதிக்குப் பாதி. பாத்தாத்தான் தெரியும்."

"துக்க வீட்ல பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவ?" சித்தப்பா எழுந்தார். "படிச்ச திமிரு."

"திமிருதான். அக்காகிட்ட அது இல்லாமப் போச்சு. ஸ்கேன ரத்து பண்ண இன்னொரு தடவை போன எடுத்தீங்கன்னா, சித்தப்பான்னு பாக்க மாட்டேன்."

குட்டி என் கையை இறுக்கிப் பிடித்தாள். "சித்தி, எனக்கும் போன வாரம் ரத்தம் வந்துச்சு. அம்மா யார்கிட்டயும் சொல்லாதன்னாங்க. சிரிப்பாங்களாம்."

அக்காவின் கணவர், வாய் திறந்தே பேசாத மனிதர், எழுந்துபோய்க் குட்டியின் செருப்பை எடுத்து வந்து வாசலில் வைத்தார். "மாத்துத்துணி எடும்மா. இப்பவே போலாம்" என்றார்.

உள்ளே போனேன். இஸ்திரி மேசைமேல் குட்டியின் பள்ளிச் சட்டைகள் அடுக்கியிருந்தன. கடைசிச் சட்டை மட்டும் ஓரமாகத் தள்ளி வைக்கப்பட்டிருந்தது, பக்கத்தில் ஒரு துண்டுப் பஞ்சு. காலரும் ஒரு கையும் அக்கா தேய்த்திருந்தாள். மறு கை தேய்க்கவில்லை.