மின்ஸ்க் வங்கி யாருடையது என்று கேட்டவர்

ரீட்டா அக்கா சென்ற செவ்வாய்க்கிழமை காலை இறந்துவிட்டார். புற்றுநோய். அவர் கணவர் ஜெயம் அண்ணன்தான் என் கிடங்குக்குப் போன் செய்து சொன்னார். லாரியில் சரக்கு ஏறிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொன்னேன்.

நம் தமிழ்ச் சங்கத்தில் உங்களில் பலருக்கு அவர் பொங்கல் விழாவுக்குத் தட்டுத் தட்டாக ரோல்ஸ் பொரித்துக் கொண்டுவருபவர். எனக்கு, ஜெர்சி சிட்டி வங்கி ஒன்றில் ஏற்றுமதிப் பத்திரங்களைச் சரிபார்க்கும் யாழ்ப்பாணத்துக்காரர். எதையும் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். நம் விழா மண்டப ஒப்பந்தத்தையும் அப்படிப் படித்துத்தான், துப்புரவுச் செலவு நம் தலையில் என்று கண்டுபிடித்தார். "முன்பக்கம் அவையள் காட்ட விரும்பிறது தம்பி. பின்பக்கம் காட்டியே ஆகவேண்டியது" என்பார்.

நியூயார்க் அலுவலகங்கள் கழித்துப்போடும் கணினிகளை வாங்கி, பழுதுபார்த்து விற்பது என் தொழில். பல ஆண்டுகளுக்கு முன் பெலாரஸில் ஒரு தொழிற்சாலை ஒரு கன்டெய்னர் கேட்டது. பணத்துக்கு மின்ஸ்க் நகரின் பெரிய வங்கி ஒன்று பொறுப்பேற்றுக் கடிதம் தரும் என்றார்கள். பிளெய்ன்ஸ்பரோவில் இருக்கும் என் வீட்டை அடமானம் வைத்துச் சரக்கு சேர்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை கப்பல். புதன்கிழமை மதியச் சாப்பாட்டு வேளையில் அக்காவைப் பார்த்து, அந்த வங்கியின் ஆண்டறிக்கையைப் பெருமையாக நீட்டினேன்.

"பெரிய பேங்குங்க அக்கா. கட்டடத்தைப் பாருங்க."

"கட்டடம் கிடக்கட்டும். ஆற்றை வங்கி?" யாருடைய வங்கி என்று கேட்டார்.

கடைசிப் பக்கத்தில் பங்குதாரர் பட்டியல் இருந்தது. அறிக்கையைப் புரட்டிப் புரட்டி வரலாற்றையும் சொன்னார். சோவியத் காலத்தில் ஆலைகளுக்குக் கடன் கொடுத்த அரசுக் கிளை அது. நாடு உடைந்ததும் பங்குகளை அந்த ஆலைகளே எடுத்துக்கொண்டன. பிறகு அரசு பெரும்பங்கைத் தன் கைக்கு மாற்றிக்கொண்டது. அவர் விரல் பட்டியலில் ஒரு பெயரில் நின்றது. என்னிடம் வாங்கும் அதே தொழிற்சாலை.

"வாங்கிறவரே ஜாமீனும் நிக்கிறார், பாரும்."

"அரசாங்கமே கூட இருக்குதுங்களே, அப்புறம் என்னங்க பயம்?"

"அதுதான் பயம். ஆலையும் அரசாங்கம், வங்கியும் அரசாங்கம். காசு வரேல்லை எண்டால், புருசனைப் பற்றிப் பெண்சாதியிட்டையே முறைப்பாடு சொல்லப் போறீரோ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அடமானத்தில் இருந்தது என் வீடு. வெள்ளிக்கிழமை சரக்கை ஏற்றவில்லை. மூன்று வாரம் தொழிற்சாலையோடு ஃபேக்ஸிலேயே சண்டை. முடிவில், மின்ஸ்க் வங்கி தராவிட்டாலும் தான் தருவதாக ஜெர்மன் வங்கி ஒன்று தனியாக உறுதி கொடுத்தது. அதன் கட்டணத்தில் பாதியை நான் ஏற்றேன். சரக்கு போய்ச் சேர்ந்த சமயம் மின்ஸ்க் வங்கி டாலர் கிடைக்காமல் திணறியது. ஜெர்மன் வங்கி சொன்ன நாளில் பணம் போட்டது. வீடு தப்பியது.

அக்காவுக்கு லாபத்தில் இரண்டு சதவீதம் தருகிறேன் என்றேன். "எனக்குச் சம்பளம் தாறது என்ர வங்கி. உம்மட்டையும் வாங்கினால் நான் ஆற்றை ஆள்?" என்று சிரித்தார். விட்டுவிட்டார் என்று நினைத்தேன். மறுநாளே ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்குக் கணினி கேட்டுப் பேரம் பேச வந்தார். நான் கன்டெய்னருக்கு ஒன்று என்றேன். அவர் மூன்று என்றார். வாழ்க்கையில் என்னிடம் அவ்வளவு கறாராகப் பேசியவர் யாரும் இல்லை.

சரக்கை அசைக்கும் முன் எது யாருக்குச் சொந்தம் என்று பார்ப்பது அவரிடம் கற்றது. அதோடு அந்தப் பேரத்தையும் வைத்துக்கொள்கிறேன். அது நிற்காது என்று ஜெயம் அண்ணனிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். அக்காவும் நானும் அன்று பேசி முடித்தது இதுதான்: கன்டெய்னர் ஒன்றுக்கு நன்றாக ஓடும் கணினி இரண்டு, திரையும் கீபோர்டும் சேர்த்து. இறக்குகூலி என்னுடையது.