தாஜுன்னிசா பேசாமல் விட்ட பேச்சு

அஃப்தாப் தன் அம்மா தாஜுன்னிசாவுடன் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, அவர் நர்ஸாக இருந்த மதுக்கரை சுகாதார நிலையத்தில் எடை மெஷினின் டிஸ்ப்ளேயைத் திருப்பி மாட்டியதுதான். எடை எவ்வளவு என்பது குழந்தைகளுக்குத் தெரியக்கூடாது.

"பாத்தா தலையைத் தொங்கப் போட்டுக்குதுங்க, கண்ணு" என்றார் அம்மா.

உடல் பருத்த குழந்தைகளுக்கு அவர் மாதம் ஓர் இலக்குதான் கொடுப்பார். அவர்களில் ஒருத்தியான தாரணிக்குக் கொடுத்தது, சாயங்காலம் பேக்கரிப் பண்டம் வேண்டாம் என்பது. ஆனால் மில்லிலிருந்து திரும்பும் அவள் அப்பா மோகன்குமார் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்ததே இல்லை.

"புள்ளையச் சொல்லி என்ன பண்ண? ஞாயித்துக்கெழம அவங்க ஊட்டுக்குப் போயி அவருகிட்டப் பேசிப்போட்டு வாரேன்" என்றார் அம்மா, ஸ்க்ரூவை எடுத்துக் கொடுத்தபடி.

அதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை அம்மா மாரடைப்பில் போய்விட்டார்.

துக்கம் கேட்க மோகன்குமார் தாரணியோடு வந்தார். கையில் பேக்கரி அட்டைப்பெட்டி.

"ஏனுங்க தம்பி, ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க. பப்ஸ் எடுத்துக்குங்க" என்றவர், பழக்கத்தில் முதல் பப்ஸை மகளிடம் நீட்டினார். அவள் கையை நீட்டாமல் அஃப்தாபைப் பார்த்தாள்.

அம்மா இந்தப் பேச்சை எப்படித் தொடங்கியிருப்பார் என்று அவனுக்குத் தெரியவில்லை. தாரணி மெல்ல வாங்கிக்கொண்டாள். மோகன்குமாரிடம் பேச வேண்டியது அப்படியே நின்றுபோயிற்று.