பசுமை இல்லை விளைவு

1. புதுசா வந்தவங்க

ஆரணியில் இந்தப் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராக நான் சேர்ந்த முதல் நாளே எச்.எம். மேடம் என்னைக் கூப்பிட்டு ஒரு சுற்றறிக்கையைக் கையில் கொடுத்தார். புவி வெப்பமடைதல், பருவநிலை மாற்றம் என்ற தலைப்பில் மாணவர்களுக்குக் கட்டுரை, பேச்சு, ஓவியப் போட்டி. பள்ளியில் ஜெயிப்பவர்கள் மாவட்டப் போட்டிக்குத் திருவண்ணாமலை போகலாம்.

"இதையெல்லாம் புதுசா வந்தவங்கதான் எடுத்துக்கணும்மா. இங்க அதான் வழக்கம்," என்றார். "பெரிய வேலை ஒண்ணும் இல்ல. சார்ட் வாங்கணும், நடுவருங்க வராங்களான்னு பார்க்கணும், டீ சொல்லணும். அவ்ளோதான்."

சரிங்க மேடம் என்றேன். அப்போது எதற்கும் சரிங்க என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மகனுக்கு இன்னும் ஒரு வயது ஆகவில்லை. காலையில் அவனை மாமியாரிடம் விட்டுவிட்டு வந்தால், முதல் பீரியட் முழுக்க அவன் அழுகிற சத்தம் காதில் கேட்கிற மாதிரியே இருக்கும். வேலை இன்னும் கன்ஃபர்ம் ஆகவில்லை. கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டு, எழுத்துப்பிழை இருக்குமோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

இந்த வருஷம் புதிதாகச் சேர்ந்திருக்கும் டீச்சர்களுக்காக இதை எழுதுகிறேன். போட்டியை இப்போது அவர்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

2. தெர்மாமீட்டர் வைத்த பூமி

ஓவியப் போட்டி சுலபமாக முடிந்தது. பாதிப் பிள்ளைகள் வாயில் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு அழுகிற பூமியை வரைந்தார்கள். மீதிப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து அதையே வரைந்தார்கள். ஒரு பையன் மட்டும் பூமிக்கு மீசை வைத்திருந்தான். "ஏண்டா?" என்று கேட்டதற்கு, "பூமி ஆம்பளையா பொம்பளையான்னு சொல்லலையே மிஸ்," என்றான்.

கட்டுரைகள் எல்லாம் ஒரே கைடிலிருந்து வந்தவை. முதல் பத்தியைப் படித்தால் மற்றதைப் படிக்க வேண்டியதில்லை.

பேச்சுப் போட்டிதான் எனக்குப் பயம். அது மேடை, மைக், ஊர்ப் பெரியவர்கள் சம்பந்தப்பட்டது. அதனால் பேசுகிறவர்களை மதிய இடைவேளையில் உட்கார வைத்துப் பழக்கினேன். நான் சொன்ன முதல் விதி: மேடையில் வீட்டுப் பேச்சு கூடாது. "இல்ல" என்று சொல்லாதீர்கள், "இல்லை" என்று சொல்லுங்கள். "வந்துகினு இருக்குது" வேண்டாம், "வருகிறது" என்று சொல்லுங்கள். இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன்.

இன்னொன்றும் செய்தேன். வழக்கமாக டீச்சர் எழுதிக் கொடுப்பார், பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள். எனக்கு எழுதிக் கொடுக்க நேரமில்லை. மகனுக்குச் சளி, இருமல். பாடக் குறிப்பை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு, மீதியை நீங்களே எழுதுங்கள் என்று விட்டேன்.

எட்டாம் வகுப்பு புவனா எழுதிக்கொண்டு வந்ததைக் காட்டவில்லை. "மேடையில கேளுங்க மிஸ்," என்றாள். எதற்கும் முகம் சிவந்துவிடுகிற பெண். வகுப்பில் அவளுக்கு "புவனா வெப்பமடைதல்" என்று பெயர் வைத்திருந்தார்கள்.

3. ஒரு வார்த்தை

வெள்ளிக்கிழமை போட்டி. நடுவராக வந்தவர் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளியை நடத்துகிற எங்கள் கரஸ்பாண்டன்ட்டுக்கு நெருங்கிய நண்பர். அவர் மேசையில் ஒரு மணி இருந்தது.

புவனா நன்றாகத்தான் ஆரம்பித்தாள். தன் தெருவைப் பற்றிச் சொன்னாள். அவள் வீட்டில் பட்டு நெசவு. பாவு நீட்டுவதை, அதாவது தறிக்குப் போகிற நீளநூலைத் தெருவில் இழுத்துக் கட்டிச் சீராக்குவதை, முன்பெல்லாம் மர நிழலில் செய்தார்களாம். ரோட்டை அகலப்படுத்த மரங்களை வெட்டிவிட்டார்கள். வெயில் ஏறினால் பட்டு நூல் மொடமொடவென்று காய்ந்து அறுந்துவிடுகிறது. அதனால் விடிவதற்குள் முடிக்க ஓடுகிறார்கள். பிறகு சொன்னாள்:

"பசுமை இல்லை விளைவால் பூமி சூடாகிறது."

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகுதான் பிடிபட்டது. நான் வகுப்பில் சொன்னது "பசுமை இல்ல விளைவு". இல்லம் என்றால் வீடு. கண்ணாடி வீட்டுக்குள் வெப்பம் சிக்கிக்கொள்வது போல, சில வாயுக்களால் பூமியில் வெப்பம் சிக்கிக்கொள்கிறது என்பதற்கான பெயர். காதால் கேட்டு எழுதியவளுக்கு அது பசுமை கிடையாது என்பதாகப் பட்டிருக்கிறது. அதிலும் "இல்ல" வீட்டுப் பேச்சு ஆயிற்றே! மேடைக்காக "இல்லை" என்று திருத்தியிருக்கிறாள்.

டிங் என்று மணி அடித்தது.

"இல்லை இல்லம்மா, இல்ல," என்றார் பேராசிரியர்.

அவள் விழித்தாள்.

"இல்லைன்னு இல்லம்மா. இல்ல! இல்ல விளைவு!"

ஹாலில் சிரிப்பு பரவியது. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இல்லம்! இல்லம்னா வீடு. எட்டாவது படிக்கிற, இது தெரியாதா?"

புவனாவின் முகம் சிவந்தது. மைக்கை விட்டு நகரவில்லை.

"ஐயா, எங்க தெருவுல இல்லம் வரிசையா இருக்குது. பசுமைதான் இல்லை."

ஹால் அதிர்ந்தது. கடைசி வரிசையில் பத்தாம் வகுப்புப் பையன்கள் விசில் அடித்தார்கள். பேராசிரியர் மணியை விடாமல் அடித்தார். "போய் உட்காரு," என்றார். அவள் பேச்சு பாதியில் நின்றது.

4. எதுக்கு சாரி?

கரஸ்பாண்டன்ட் அறைக்கு நானும் எச்.எம்.மும் போனோம்.

"இன்னா டீச்சர், பேசக் கத்துக்குடுக்கச் சொன்னா வாயடிக்கக் கத்துக்குடுத்திருக்கீங்க?" என்றார். "பெரியவரு மூஞ்சிய நான் எப்டிங்க பார்க்கறது? திங்கக்கிழமை பிரேயர்ல அவருதான் பரிசு குடுக்க வராரு. அந்தப் பொண்ணு எல்லார் முன்னாலயும் மைக்ல மன்னிப்பு கேக்கணும். நீங்களே எழுதிக் குடுத்து மனப்பாடம் பண்ண வைங்க."

சரிங்க சார் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வெளியே புவனா காத்திருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"சாரி சொல்லிடறேன் மிஸ். ஆனா எதுக்குன்னு சொல்லணும் இல்ல? இல்லைன்னு தப்பா சொன்னதுக்கா, எங்க தெருவப் பத்திச் சொன்னதுக்கா?"

"எழுதித் தரேன், வீட்டுக்குப் போ," என்று அனுப்பிவிட்டேன். பதில் தெரியாத டீச்சர் சொல்கிற பதில் அது.

வீட்டில் எழுத உட்கார்ந்தேன். "மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே" என்ற வரியைத் தாண்டவில்லை. தவறான வார்த்தைக்கு என்று எழுதினால், அதற்குத்தான் மதிப்பெண் குறைத்தாயிற்றே. தெருவைப் பற்றிச் சொன்னதற்கு என்று எழுதினால், மரம் இல்லாத தெருவில் மரம் இல்லை என்றதற்கு ஒரு பெண் எழுநூறு பிள்ளைகள் முன்னால் தலைகுனிய வேண்டும். மகன் மடியில் உட்கார்ந்து பேனாவைப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

என் கணவர் செய்யாறு சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஒரு சாரிதான? சொல்லிட்டுப் போவட்டும். நீ எதுக்கு பேஜார் பண்ணிகினு இருக்கற?" என்றார்.

"சொல்லப் போறது அவ. சொல்ல வைக்கிறது நான்."

"அப்ப சொல்ல வைக்காத."

"வேலை போயிட்டா?"

"அதையும் நீதான் யோசிக்கணும். அப்பறம் என்னால போச்சுன்னு சொல்லாத," என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போய்விட்டார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மாற்றி மாற்றி முடிவு செய்தேன். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று லீவு போட்டுவிடலாமா என்றும் நினைத்தேன். அவனுக்கு அதற்குள் சளி சரியாகியிருந்தது.

5. திங்கட்கிழமை பிரேயர்

பிரேயருக்கு முன்னால் கரஸ்பாண்டன்ட் அறைக்குப் போனேன். பேராசிரியர் இன்னும் வரவில்லை.

"சார், எதுக்கு மன்னிப்புன்னு எழுதணும்?"

"அதுல இன்னாம்மா இருக்குது? தெரியாம பேசிட்டேன்னு எழுதுங்க."

"தெரியாம பேசினது அந்த ஒரு வார்த்தை. அதுக்கு மார்க் போச்சு. தெருவைப் பத்தித் தெரிஞ்சுதான் சார் பேசினா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க இன்னும் கன்ஃபர்ம் ஆகலைன்னு ஞாபகம் இருக்குதா?"

"இருக்குங்க சார்."

"அப்ப?"

"தப்பு பண்ணா மார்க் குறைக்கலாம் சார், பரிசு தராம இருக்கலாம். மன்னிப்புக்கு நான் எழுதித் தரமாட்டேன். அவளையும் கேக்கச் சொல்லமாட்டேன்."

தைரியத்தோடு சொன்னேன் என்று எழுத ஆசைதான். ஆனால் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு, கதவைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். அவர் பதில் சொல்வதற்குள் வாசலில் பேராசிரியரின் ஆட்டோ வந்து நின்றது.

பரிசுகள் கொடுத்து முடித்ததும் கரஸ்பாண்டன்ட் மைக்கில், "எட்டாம் வகுப்பு புவனேஸ்வரி மேடைக்கு வரவும்," என்றார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அவள் வரிசையிலிருந்து வந்தாள். அவள் கையில் காகிதம் இல்லை. நான்தான் தரவில்லையே.

அவளுக்கு முன்னால் நான் ஏறினேன். செய்தி எழுதுகிற பலகை மேடையிலேயே இருந்தது. சாக்பீஸை எடுத்து "பசுமை இல்ல விளைவு" என்று எழுதி, "இல்ல" என்பதன் கீழே கோடு போட்டேன்.

"எல்லாரும் இதைப் படிங்க," என்றேன். படித்தார்கள். "இல்லம்னா வீடு. பசுமை இல்லம்னா செடி வளர்க்கிற கண்ணாடி வீடு. உள்ள போன வெப்பம் வெளிய வராது. பூமியும் அப்படி ஆயிட்டு வருது. வெள்ளிக்கிழமை புவனா இதை 'இல்லை'ன்னு சொல்லிட்டா. அது தப்பு. ஐயா திருத்தினது சரி. அதுக்கு மார்க் போச்சு." பேராசிரியர் பக்கம் திரும்பினேன். "சரிங்களாய்யா?"

அவர் தலையசைத்தார். வேறு என்ன செய்வார், நான் அவர் சொன்னதைத்தான் சொன்னேன்.

"அவ தெருவைப் பத்திச் சொன்னதுல தப்பு இல்லை," என்றேன். "புவனா, வரிசைக்குப் போ."

அவள் போனாள். யாரும் கைதட்டவில்லை. பிரேயரில் கைதட்டக் கூடாது. தேசிய கீதம் பாடிக் கலைந்தோம்.

கிளம்பும்போது பேராசிரியர் என்னிடம் வந்து, "நல்லாத்தான் பாடம் நடத்துறீங்க," என்றார். பாராட்டினாரா, குத்திக்காட்டினாரா என்று இத்தனை வருஷம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை.

6. பிறகு

புவனா திருவண்ணாமலைக்குப் போகவில்லை. முதல் பரிசு வாங்கிய பையன் போனான். அது நியாயம்தான். அவன் ஒரு வார்த்தையும் தப்பாகச் சொல்லவில்லை.

என் வேலை கன்ஃபர்ம் ஆக மற்றவர்களைவிட ஒரு வருஷம் அதிகம் ஆனது. காரணத்தை யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த வருஷம் முழுக்க ஒவ்வொரு மாதக் கடைசியிலும் பயந்தேன். செய்தது சரியா என்று கேட்டுக்கொண்டேன். பயம் போன பிறகுதான் எதிர்க்க முடியும் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். எனக்குப் பயம் போகவே இல்லை.

அடுத்த வருஷமும் போட்டியை என்னிடமே கொடுத்தார்கள். புதிதாக வந்த டீச்சர் பிரசவத்துக்குப் போய்விட்டார். விதிமுறைகளை டைப் செய்யும்போது கடைசியில் ஒன்றைச் சேர்த்தேன்: "நடுவர் திருத்தினால் மாணவர் பதில் சொல்லலாம். பதில் சொன்னதற்காக மதிப்பெண் குறைக்கப்படாது. மணி அடிப்பது நேரம் முடிந்ததைச் சொல்ல மட்டுமே."

கரஸ்பாண்டன்ட் சிவப்பு மையில் அடித்து அனுப்பினார். மறுபடியும் டைப் செய்து வைத்தேன். மறுபடியும் அடித்தார். மூன்றாவது தடவை வைத்தபோது எச்.எம்.மைக் கூப்பிட்டு, "இன்னாம்மா இது, இந்த வேலைக்கு வேற ஆளே கெடைக்கலையா?" என்று கேட்டார்.

"யாரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க சார்," என்றார் மேடம். என்னை அவர் ஆதரித்தது அந்த ஒரு முறைதான். அதுகூட உண்மையைச் சொன்னதுதான்.

கரஸ்பாண்டன்ட் கையெழுத்துப் போட்டுத் தூக்கி எறியாத குறையாகக் கொடுத்தார்.

அந்த வருஷ நடுவர் ஒரு வங்கி அதிகாரி. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் "ஓசோன் படலம்" என்பதை "ஓசோன் பாடலம்" என்றான். அவர் விதியை மறந்து மணியைத் தட்டித் திருத்தினார். பையன் பேச்சை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் செய்யவில்லை, என் கைகள் புடவைத் தலைப்பைத்தான் சுருட்டிக்கொண்டிருந்தன.

பையன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சார், அது தப்புதான் சார். ஆனா நான் இன்னும் முடிக்கல சார்," என்றான்.

நடுவர் சிரித்துவிட்டார். "முடிப்பா," என்றார்.