யாருமே இல்லாத பெயர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை, தல்லாகுளத்தில் ஒரு ஸ்கேன் சென்டர். ரிசப்ஷனில் இருந்த பெண் போனை எடுத்தாள், "சரிக்கா" என்றாள், தன் கம்ப்யூட்டரின் பின்பக்கம் கையை விட்டு நெட் வயரைப் பிடுங்கிப் போட்டாள்.

நடந்தது இவ்வளவுதான். ஆனால், அந்த வயரை இந்த ஒரு வாரமாக மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டிருக்கிறேன். வயரைப் போய் யாராவது கும்பிடுவார்களா? என் இடத்தில் நீங்கள் இருந்திருந்தால் சூடமே காட்டியிருப்பீர்கள்.

சொல்கிறேன்.

என் மனைவி கஸ்தூரியை இந்தப் பத்தியில் நிறையக் கேலி செய்திருக்கிறேன். அவளுக்கு ஒரு ஆபரேஷன் நடந்ததை மட்டும் எழுதியதில்லை. கூடாது என்று சொல்லியிருந்தாள். இப்போது அவளே "எழுதுங்க" என்கிறாள். வயிற்றில் ஒரு கட்டி. நல்ல கட்டி இல்லை. எடுத்தாகிவிட்டது, மருந்தெல்லாம் முடிந்தது, தலைமுடியும் பழையபடி வளர்ந்துவிட்டது. அதன்பிறகு அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் காட்ட வேண்டும்.

போன முறை எடுத்ததில் ஈரலில் பொட்டு மாதிரி ஒரு நிழல் தெரிந்தது. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நிழல் அப்படியே இருந்தால் பழைய தழும்பு. வளர்ந்திருந்தால்... அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

ஆக, எங்களுக்குப் புது ஸ்கேன் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் பழைய ஸ்கேன். அது எங்கே இருக்கிறது? அந்த சென்டரின் கம்ப்யூட்டரில். வீட்டில் ஒரு பிலிம் இருக்கிறது, அதில் நாலைந்து படம்தான். டாக்டருக்கு முழுசாக வேண்டும். ஒரு சிடியும் கொடுத்தார்கள், கீறல் விழுந்துவிட்டது. விழாவிட்டாலும், சிடியைப் போட இப்போது எந்த கம்ப்யூட்டருக்கு வாய் இருக்கிறது?

சென்டரின் முதலாளி சவுந்தரபாண்டி, என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். நல்ல மனுஷன், அவசர புத்தி. அவன் சென்டரின் கம்ப்யூட்டர்களைக் கவனித்துக்கொள்வது பாண்டீஸ்வரி என்கிற பெண். இன்ஜினீயர். வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் ஆபீஸ் வைத்திருக்கிறார்கள், அவளும் இன்னும் இரண்டு பேரும். மதுரையைச் சுற்றியுள்ள கிளினிக், மில், கடைகளின் கம்ப்யூட்டர்களுக்குள் திருட்டு புரோகிராம் புகுந்துவிடாமல் அங்கிருந்தே பார்த்துக்கொள்வார்கள்.

அவள் செய்து வைத்திருந்த ஏற்பாடு இதுதான். திருட்டு புரோகிராம் ஒன்று உள்ளே புகுந்தால், முதலில் வெளியே இருக்கும் தன் முதலாளியைத் தேடுமாம். அடுத்து என்ன செய்ய என்று கேட்க வேண்டுமல்லவா? முதலாளிக்கு நிரந்தர விலாசம் கிடையாது, இருந்தால் பிடித்துவிடுவார்கள். அதனால் தினம் நூற்றுக்கணக்கில் கன்னாபின்னாவென்று வெப்சைட் பெயர்களை உருட்டி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். அதில் ஏதோ ஒன்றை மட்டும் முதலாளி அன்றைக்கு வாங்கி வைத்துக் காத்திருப்பான். அந்தக் கன்னாபின்னா பெயர்களை அடையாளம் காண ஒரு மாடலைப் பழக்கியிருந்தாள் பாண்டீஸ்வரி. நல்ல பெயர்கள் லட்சம், திருட்டுப் பெயர்கள் லட்சம் காட்டி, எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து இயல்பாக வரும் என்று கற்றுக்கொள்ள வைப்பது. மெஷின் லேர்னிங் என்பார்களே, அதுதான். சந்தேகம் வந்தால் வழியை மறித்து, சிவப்பாக ஒரு எச்சரிக்கை காட்டும்.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சவுந்தரபாண்டியின் மாமனார் வரும் வரை.

அவர் உசிலம்பட்டிக்காரர். மாட்டுத்தீவனக் கம்பெனி. நம் ஊரில் கம்பெனிக்கு எப்படிப் பெயர் வைப்போம் என்று உங்களுக்குத் தெரியாதா? ஊர் பேருக்கு ஓர் எழுத்து, தாத்தாவுக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, குலசாமிக்கு ஒன்று. யாரையும் விட்டுவிட்டால் குடும்பத்தில் சண்டை வரும். 'வி.கே.பி.எஸ்.எம்.டி' என்று லாரியின் நெற்றியில் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருப்போம். பெரியவர் அதையே வெப்சைட்டுக்கும் வைத்திருந்தார், புள்ளி கூட இல்லாமல் சேர்த்து.

பேரனுக்குக் காதுகுத்து பேச உறவுக்காரர்களோடு மதுரைக்கு வந்தவர், மருமகன் சென்டரில் மருமகன் நாற்காலியிலேயே உட்கார்ந்து, புது வெப்சைட்டை எல்லாருக்கும் காட்டலாம் என்று தட்டியிருக்கிறார். திரை சிவந்துவிட்டது. 'இந்தப் பெயர் சந்தேகத்துக்குரியது. தாறுமாறாக உருவாக்கப்பட்டதாகத் தெரிகிறது.'

கூட வந்த உறவுக்காரர்கள், சம்பந்தி வீட்டு ஆட்கள் எல்லார் முன்னாடியும்!

காபி டம்ளரைக்கூடத் தொடாமல் எழுந்துவிட்டாராம் மனுஷன். "எங்க தாத்தன், எங்கப்பன், சாமி அம்புட்டுப் பேரும் அதுல இருக்கு. அது தாறுமாறா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் காரில் ஏறிவிட்டார்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று நீங்கள் நினைக்கலாம். சவுந்தரபாண்டியும் சிரிக்கவில்லை. மாமனார் கோபித்தால் மச்சினன் வரமாட்டான். மச்சினன் வராவிட்டால் தாய்மாமன் மடி இல்லை. மடி இல்லாவிட்டால் பிள்ளைக்குக் காது குத்த முடியாது. வீட்டில் அவன் மனைவி பேச்சை நிறுத்திவிட்டாள். மாப்ள, சாப்பாடு மட்டும்தான் வருது, பேச்சு வரல என்று எனக்குப் போன் போட்டுப் புலம்பினான்.

அவசர புத்தி என்று சொன்னேன் இல்லையா? பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டு, அந்த எழவெடுத்த மாடலை மொத்தமாக அணைத்துவிடச் சொல்லிவிட்டான். மானத்தை வாங்கும் பாதுகாப்பு எனக்கு எதற்கு என்பது அவன் கட்சி.

வேறு யாராவது இருந்தால் அணைத்திருப்பார்கள். காசு கொடுக்கிற முதலாளி சொல்கிறான், நமக்கென்ன என்று போயிருப்பார்கள். அந்தப் பெண் மாட்டேன் என்றாள்.

"அணைக்க மாட்டேண்ணே. அதுக்கு நம்ம ஊர்ப் பேரு தெரியல, அம்புட்டுத்தான். சொல்லிக் குடுத்துட்டு வாரேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. கம்பெனிப் பெயரை அன்றைக்கே அனுமதித்துவிட்டாள். அது ஒரு நிமிஷ வேலை. பிறகு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உசிலம்பட்டிக்கே போய்ப் பெரியவர் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தும் யார் என்று கேட்டிருக்கிறாள். கேட்டது போதாதா? மத்தியானச் சாப்பாடு வரை சொல்லியிருக்கிறார். தாத்தா மாடு வாங்கிய சந்தையிலிருந்து ஆரம்பம். கிளம்பும்போது பெரியவர், "இப்ப அதுக்கு எங்கப்பனைத் தெரியுமா தாயி?" என்று கேட்டாராம். தெரியுங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

உண்மையில் தெரிய வைக்கவும் செய்தாள். நம் பக்கத்து மில்கள், லாரி கம்பெனிகள், நகைக்கடைகள், மண்டபங்கள் என்று இனிஷியல் கோத்த வெப்சைட் பெயர்களையெல்லாம் திரட்டி, இவையும் நல்ல பெயர்கள்தான் என்று மாடலுக்கு மறுபடி பழக்கினாள். பெயரை மட்டும் பார்க்காதே, அந்தப் பெயரை யார், எப்படிக் கேட்கிறார்கள் என்றும் பார் என்று இன்னொரு பாடம் சேர்த்தாள். காதுகுத்து ஜோராக நடந்தது. நானும் போயிருந்தேன். பெரியவர் பாண்டீஸ்வரியை முதல் பந்தியில் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எனக்கு மூன்றாவது பந்திதான் கிடைத்தது, ரசம் ஆறியிருந்தது.

கதை அங்கேயே முடிந்துவிட்டதாகத்தான் நானும் நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமைக்கு வருவோம். கஸ்தூரி வெறும் வயிற்றில், அவர்கள் கொடுத்த தண்ணீரையெல்லாம் குடித்துவிட்டு, முட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அடுத்து அவள்தான். நான் பயத்தை மறைக்க, சுவரில் இருந்த விளம்பரத்தை நாலாவது தடவையாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். அப்போதுதான் போன், வயர், எல்லாம். உள்ளேயிருந்து ஓடி வந்த சவுந்தரபாண்டி, மற்ற கம்ப்யூட்டர்களின் வயர்களையும் பிடுங்கச் சொன்னான். ஸ்கேன் நின்றது. பத்துப் பதினைந்து பேர் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

நான் அவனைத் தனியாக இழுத்துப்போய் என்ன விஷயம் என்றேன். ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் யாரோ பில் மாதிரி வந்த மெயிலைத் திறந்துவிட்டார்களாம். உள்ளே ஏதோ புகுந்துவிட்டதாம். விட்டால் ஸ்கேன் படங்கள் எல்லாவற்றையும் பூட்டிப்போட்டுவிட்டுப் பணம் கேட்பார்களாம், கொடுத்தாலும் திறப்பார்களா என்பது நிச்சயமில்லையாம். வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். தரையைப் பார்த்தான். பேக்கப் எடுக்கிற பெட்டி வாங்கச் சொல்லி அந்தப் பெண் எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். இவன் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றிருக்கிறான்.

அவனை அடித்திருப்பேன், வேறு நாளாக இருந்தால். கஸ்தூரியின் அந்தப் பொட்டு நிழல் உள்ளே எங்கேயோ ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அது போனால், வளர்ந்திருக்கிறதா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? மறுபடி மூன்று மாதம் காத்திருப்பதா? காத்திருக்கிற நேரமா அது?

திரும்பி வந்து கஸ்தூரி பக்கத்தில் உட்கார்ந்தேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "பழைய படமா?" என்றாள். முப்பது வருஷம் கூட இருந்தால் இப்படித்தான், ஒரு பொய்யும் செல்லாது.

பாண்டீஸ்வரி ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் வந்தாள். நேரே உள்ளே போனாள். கதவு சாத்திக்கொண்டது. நான் எழுந்து நடந்தேன், உட்கார்ந்தேன், மறுபடி நடந்தேன். பக்கத்திலிருந்தவர் எனக்குத்தான் ஸ்கேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்.

கதவு திறந்தது. எங்களைத் தேடி அவளே வந்தாள். எங்கள் கதையைச் சவுந்தரபாண்டி சொல்லியிருக்க வேண்டும்.

"மதினி, உங்க படம் எல்லாம் அப்படியே இருக்கு. நான் திறந்து பாத்துட்டுத்தான் வாரேன்."

கஸ்தூரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது? அழுதேன்.

உள்ளே புகுந்த புரோகிராம் தன் முதலாளியைத் தேட ஆரம்பித்த உடனேயே மாடல் கண்டுபிடித்திருக்கிறது. அது கேட்ட பெயர்களையெல்லாம் மறித்துவிட்டு, தெப்பக்குளத்து மாடிக்குத் தகவல் அனுப்பியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பாண்டீஸ்வரி ரிசப்ஷனுக்குப் போன் போட்டு வயரைப் பிடுங்கச் சொல்லியிருக்கிறாள். முதலாளியை எட்டவே விடவில்லை. உத்தரவு கிடைக்காத திருடன் ரிசப்ஷனிலேயே உட்கார்ந்திருந்திருக்கிறான், எங்களைப் போலவே டோக்கன் வாங்கிக்கொண்டு.

சும்மா இருப்பேனா நான்? கண்ணைத் துடைத்துவிட்டு, எனக்கு ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தேன். பெரியவர் கம்பெனியும் எழுத்துக் குவியல், திருடன் கேட்டதும் எழுத்துக் குவியல். எப்படித்தான் வித்தியாசம் தெரிகிறது அதற்கு? பாண்டீஸ்வரி தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். திரை முழுக்க அந்தப் பெயர்கள். தீவனக் கம்பெனி வெப்சைட்டைத் தேடுகிறவர் அந்த ஒன்றைத்தான் கேட்பார், அதுவும் நிஜமாகவே இருக்கும் என்றாள். இந்தத் திருட்டு புரோகிராமோ, ஊரிலேயே இல்லாத வீடுகளாகப் பார்த்துப் பார்த்து, ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டே போயிருக்கிறது.

நான் மதுரைக்காரன் இல்லையா, கை சும்மா இருந்தாலும் புத்தி சும்மா இருக்காது. திரையில் இருந்த ஒரு பெயரை எடுத்துக்கொண்டு, முதல் எழுத்து ஊராக இருக்குமோ, அடுத்தது அப்பாவோ என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். உதடு அசைந்திருக்க வேண்டும். அவள் கவனித்துவிட்டாள்.

"தேடாதீங்கண்ணே. அதுல யாருமே இல்ல."

மத்தியானம் ஸ்கேன் எடுத்தார்கள். மறுநாள் டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அளந்தார். மறுபடி அளந்தார். நிழல் அப்படியே இருக்கிறது, தழும்புதான் என்றார்.

யாருக்கு நன்றி சொல்வது? டாக்டருக்குச் சொன்னேன். ரிசப்ஷன் பெண்ணுக்கு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். சவுந்தரபாண்டியைத் திட்டிவிட்டு அவனுக்கும் ஒரு துண்டு கொடுத்தேன். பேக்கப் பெட்டி வாங்கிவிட்டான், அதற்காக. உசிலம்பட்டிப் பெரியவருக்கும் நன்றி சொல்ல வேண்டும், அவர் அன்றைக்குக் கோபித்துக்கொண்டு போனதில்தானே அந்த மாடல் நம் ஊரைக் கற்றுக்கொண்டது. எல்லாவற்றுக்கும் மேலே, அணைக்கச் சொன்னபோது மாட்டேன் என்ற அந்தப் பெண்ணுக்கு. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறோம். முதல் பந்தி அவளுக்குத்தான்.

டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து வண்டியை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்த கஸ்தூரி மடியில் ஸ்கேன் கவரை வைத்துக்கொண்டாள். கவர் மேல் 'மு. கஸ்தூரி' என்று எழுதியிருந்தது. 'மு' அவள் அப்பா. பெண் பார்க்கப் போனபோதே என்னை முறைத்த மனுஷன், இன்று இல்லை. சிக்னலில் வண்டி நின்றது. கண்ணாடியில் பார்த்தேன். அந்த எழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பேர்கள்ல யாருமே இல்லன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல... இதுல நான் இருக்கேன்ல?" என்றாள்.

இருக்கிறாள். பச்சை விழுந்தது கூடத் தெரியாமல் நான் நின்றதற்கு, பின்னாலிருந்த பஸ்காரர் அடித்த ஹாரன் இருக்கிறதே... அவருக்கும் நன்றி.